மலை மேல் ஒரு லோக்கல்ஹோஸ்ட்

வெப்சைட் வேலையை நெட் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்தே செய்து முடித்தால், நெட் நன்றாகக் கிடைக்கிறவர்களுக்கான வெப்சைட்தான் வரும். சேலம் அஸ்தம்பட்டியில் ஃபைபர் இணைப்பில் பளிச்சென்று திறக்கிற பக்கம், ஏற்காடு ஏறும்போது ஏதோ ஒரு வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு ‘ஹோம்ஸ்டேக்கு வழி எது’ என்று போனில் தேடுகிறவருக்குப் பாதிதான் திறக்கும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் எங்கே சிக்னல் நிற்கும், எங்கே போகும் என்பது அவரவர் சிம்மைப் பொறுத்தது.

நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்காவுக்காக வேர்ட்பிரஸ்ஸில், அதாவது வெப்சைட் கட்டுவதற்கான இலவச மென்பொருளில், ஒரு தளம் செய்தேன். அவரால் கீழே இறங்கி வர முடியாது. பழம் பறிக்கிற சீசன், ஆட்களை விட்டுவிட்டு எங்கேயும் நகர முடியாத நேரம். சரி, லேப்டாப்பிலேயே முழு சர்வரையும் வைத்துக்கொண்டு மேலே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அங்கே அவர் வீட்டு வராந்தாவில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அதுவே இந்த வேலைக்கு நல்லதாகப் போனது.

லோக்கல் சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைக்கு எடுத்த கணினியில், ஓடுகிற அதே மென்பொருள்களை நம் கணினியில் ஓடவிடுவதுதான். நான் பயன்படுத்தியது ஸாம்ப். அதற்குள் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி, தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மரியாடிபி, நிரல்மொழிகளான பிஎச்பி, பெர்ல் நான்கும் சேர்ந்தே வரும். கன்ட்ரோல் பேனலில் ‘மைஎஸ்க்யூஎல்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. இந்த வித்தியாசம் பின்னால் ஓர் இடத்தில் வேலை கொடுக்கும். விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் நிறுவ வேண்டாம், அங்கே எழுதும் அனுமதியில் சிக்கல் வரும். சி டிரைவிலேயே நேராக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். வேர்ட்பிரஸ் கோப்புகளை ‘எச்டிடாக்ஸ்’ ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டராக வைத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று பொருள்) என்று அடித்து அந்த ஃபோல்டர் பெயரைச் சேர்த்தால் நிறுவல் பக்கம் வந்துவிடும்.

கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி பச்சையாகாமல் அடம்பிடித்தால் பெரும்பாலும் காரணம் போர்ட் 80, அதாவது அப்பாச்சி பேசும் வாசலின் எண். வேறு ஏதாவது மென்பொருள், குறிப்பாக விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் ‘நெட்ஸ்டாட்’ பட்டனை அழுத்தினால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டிவிடும். எழுப்ப மனமில்லையென்றால் அப்பாச்சியின் கான்ஃபிக் கோப்பில் 80 என்பதை 8080 ஆக்கிவிட்டு, முகவரியிலும் 8080 சேர்த்துக்கொள்ளலாம். டேட்டாபேஸின் போர்ட் 3306, அதற்கும் இதே கதைதான்.

டேட்டாபேஸ் உருவாக்கும்போது கொலேஷனில் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் முறை) ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். பழைய ‘லேட்டின்1’ வகை டேபிளில் தமிழ் போய்ச் சேர்ந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அப்படிச் சேமிக்கப்பட்டபின் அந்தத் தமிழை மீட்க வழியில்லை, திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

மலைமேல் இன்னொரு விஷயம் கரன்ட். மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். என் லேப்டாப் பேட்டரி பழசு, சார்ஜரை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பொட்டென்று கரன்ட் போய், திரும்ப வந்து இயக்கியபோது டேட்டாபேஸ் தொடங்க மறுத்தது. ‘எதிர்பாராமல் நின்றுவிட்டது’ என்ற சிவப்பு வரி. இதற்குப் பலரும் பயந்து மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள். வேண்டாம். ஸாம்புக்குள் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் ‘டேட்டா’, ‘பேக்கப்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். அப்புறம் பேக்கப் ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து அதற்கு டேட்டா என்று பெயர் கொடுங்கள். பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் பெயரில் இருக்கும் ஃபோல்டர்களையும், ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பையும் மட்டும் புதியதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயர்களில் உள்ள ஃபோல்டர்களைத் தொடாதீர்கள். ‘ஐபிடேட்டா1’ கோப்பை விட்டுவிட்டால் டேபிள்களின் பெயர் தெரியும், உள்ளே போனால் டேபிளே இல்லை என்று சொல்லும். இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும். ஆனாலும் டேட்டாபேஸைப் பிரவுசரில் கையாள உதவும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் அழுத்தி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருப்பவருக்கு வருகிற தூக்கம் தனி.

இனி தீம், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பு. ஆயத்தமான தீம் ஒன்றை எடுத்து அதைத் தொடாமல் என் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்க ஒரு சைல்டு தீம் போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு ஃபோல்டரும், தொடக்கத்தில் பெயரும் தாய் தீமின் ஃபோல்டர் பெயரும் எழுதிய ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பும் போதும். தாய் தீமின் எந்த டெம்ப்ளேட்டை (பக்கத்தின் அச்சாக இருக்கும் கோப்பை) மாற்ற வேண்டுமோ அதே பெயரில் ஒரு பிரதியைச் சைல்டு ஃபோல்டரில் வைத்தால் நம்முடையதுதான் எடுபடும். தீமின் நிரல்களை வைக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் விதிவிலக்கு. அதில் சைல்டு, தாய் இரண்டுமே ஓடும், சைல்டுடையது முதலில் ஓடும். அதனால் தாயின் கோப்பை அப்படியே நகலெடுத்து அங்கே போட்டால், ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் மோதிக்கொண்டு தளமே படுத்துவிட வாய்ப்பு அதிகம்.

பேஜ் டெம்ப்ளேட்டுக்கு வருவோம், என் வேலையில் பெரும்பகுதி இதுதான். அக்கா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். “தம்பி, மே மாசம் கோடை விழா வந்தா ரேட்டு ஏறும், மழையில இறங்கும். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு போன் போட்டுட்டு உட்கார முடியாதுங்க. நானே மாத்தணும். ஆனா நான் கை வச்சா எதுவும் உடைஞ்சிடக் கூடாது.”

ஒரு வெப்சைட்டுக்கு இதைவிட நல்ல தேவைப் பட்டியலை நான் பார்த்ததில்லை. அடிக்கடி மாறுவது எது, மாறவே கூடாதது எது என்று அதிலேயே பிரிந்துவிடுகிறது. முன்பு அவருக்கு யாரோ செய்துகொடுத்திருந்த தளத்தில் அறை வாடகை முகப்புப் பக்கத்தில் ஒன்று, அறையின் பக்கத்தில் ஒன்று, பேனர் படத்துக்குள் எழுத்தாக ஒன்று என்று மூன்று விதமாக இருந்தது. வருகிறவர்கள் எது குறைவோ அதைக் காட்டிப் பேரம் பேசினார்களாம்.

அறைகளுக்கென்று ஒரு டெம்ப்ளேட் எழுதினேன். பேஜ்.பிஎச்பியை நகலெடுத்து, மேலே குறிப்பு வரியில் டெம்ப்ளேட் பெயர் ‘அறை’ என்று கொடுத்தால், பக்கத்தைத் திருத்தும் இடத்தில் அந்தப் பெயர் பட்டியலில் வந்துவிடும். வாடகை, சீசன் வாடகை, எத்தனை பேர் தங்கலாம், வெந்நீர் எத்தனை மணி முதல், படம் எல்லாம் தனித்தனி கஸ்டம் ஃபீல்டு, அதாவது நாமே உருவாக்கிக்கொள்ளும் பெட்டி. அக்கா பார்ப்பது சில பெட்டிகளை மட்டும். அவை எந்த இடத்தில், எந்த அளவில், எந்த நிறத்தில் வர வேண்டும் என்பது டெம்ப்ளேட்டுக்குள் இருக்கிறது. முகப்புப் பக்கமும் அதே ஃபீல்டிலிருந்துதான் வாடகையை எடுக்கும். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும்.

இதில் சின்ன நுணுக்கம் ஒன்று. ஒரு பெட்டி காலியாக இருந்தால் அதன் தலைப்பும் மறைய வேண்டும். மேல்மாடி அறைக்கு வெந்நீர் நேரத்தை அக்கா நிரப்பவில்லை. ‘வெந்நீர்:’ என்று எழுதி, பக்கத்தில் ஒன்றுமில்லாமல் நின்றது. ஏற்காட்டுக் குளிரில் அறை தேடுகிறவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஃபீல்டு காலியா என்று பார்க்கும் ஒரு ‘இஃப்’ வரி, தலைப்பையும் சேர்த்து அதற்குள் வைத்துவிட்டால் முடிந்தது.

எந்தக் கோப்பு எப்போது எடுபடும் என்ற வரிசையும் மனதில் இருப்பது நல்லது. ஒரு பக்கத்தைக் கேட்டதும் வேர்ட்பிரஸ் முதலில் அதற்கென்று தேர்ந்தெடுத்த டெம்ப்ளேட்டைப் பார்க்கும். இல்லையென்றால் ‘பேஜ்’ என்று தொடங்கி அந்தப் பக்கத்தின் ஸ்லக் (முகவரியில் வரும் பெயர்) சேர்ந்த கோப்பு, அடுத்து ஐடி எண் சேர்ந்த கோப்பு, அடுத்து பேஜ்.பிஎச்பி, சிங்குலர்.பிஎச்பி, கடைசியில் இண்டெக்ஸ்.பிஎச்பி. ‘நான் திருத்துகிறேன், பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிற நேரத்தில், இந்த வரிசையில் மேலே இருக்கும் வேறு ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் கட்டும் பிளாக் தீம்களில் கதை வேறு. 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து டெம்ப்ளேட்டை பிரவுசரிலேயே சைட் எடிட்டரில் திருத்தலாம். வசதிதான். ஆனால் அங்கே செய்யும் திருத்தம் தீம் ஃபோல்டருக்குள் போகாது, டேட்டாபேஸில் போய் உட்காரும். தீம் ஃபோல்டரை மட்டும் மேலே ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டு ‘என் மாற்றம் எங்கே?’ என்று தேட வேண்டாம். எடிட்டரிலேயே எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது, அது திருத்தங்களையும் சேர்த்துத் தீமை ஜிப் ஆக்கித் தரும்.

தமிழ் எழுத்து தனி அத்தியாயம். தீம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்தே அழகு பார்க்கிறார்கள். தலைப்புகளுக்கு வரி இடைவெளி 1.2 என்று இறுக்கி வைத்திருப்பார்கள். தமிழில் மேல் வரியின் ‘ஞ்ஜு’, ‘ணூ’ வாலும் கீழ் வரியின் ‘கீ’ மேல்சுழியும் இடித்துக்கொள்ளும். நான் தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 வைத்தேன். ‘புக்’ என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற பட்டனில் ‘முன்பதிவு செய்ய’ என்று வந்தால் அகலம் பிதுங்கும், ஆகவே பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்கவே கூடாது. இருபக்கமும் சமமாக இழுத்து நிறுத்தும் ஜஸ்டிஃபையும் போன் திரையில் வேண்டாம், நம் நீளமான சொற்களுக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். பதிவுச் சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் இயல்பாக எடுப்பது 55 சொற்கள். தமிழில் 55 சொல் என்றால் அது சுருக்கமே இல்லை. நான் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியில் அதை 20 ஆக்கினேன்.

பக்கத்தின் ஸ்லக்கைத் தமிழில் விட்டால் இன்னொரு சிக்கல். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். முகவரிக்காக மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகி, அது 9 எழுத்தாக நீளும். ஸ்லக் சேமிக்கும் இடத்தின் அளவு 200. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 22 குறியீடு போனதும் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் அரைத் திரைக்கு நிற்கும். ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட் கோப்புக்குப் பெயர் வைக்கவும் அதுதான் சுலபம்.

தோட்டத்தைப் பற்றிய குறிப்புகளை அக்கா ஒரு பழைய நோட்டீஸிலிருந்து எடுக்கச் சொன்னார். சேலத்தில் அச்சடித்தது, கோப்பும் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உண்மை முகம் தெரிந்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான கருவியில் யூனிகோடாக மாற்றலாம். மாற்றியபின் ஒரு முறை ஊன்றிப் படிக்க வேண்டும். டிடிபி அடிப்பவர்கள் சிலர் காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருப்பார்கள், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குறிப்பில் ‘காபி’ என்று தேடினால் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் ‘கரபி’. கூகுளில் தேடுகிறவருக்கும் அது கிடைக்காது.

நெட் இல்லாத வராந்தாவின் பயன் இங்கேதான் தெரிந்தது. தளத்தைத் திறந்தவுடன் எழுத்துரு மாறிப்போயிருந்தது. தீம் தன் எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐகான்கள் இருந்த இடத்தில் சின்னக் கட்டங்கள், அவையும் வெளியிலிருந்து வருபவை. மேப் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறம். சேலத்தில் உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது. தமிழ் எழுத்துரு கோப்புகளைத் தீம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தக்கூடியவை. கனம் வாரியாக எல்லாவற்றையும் போடாமல் சாதாரணம், தடிமன் இரண்டு மட்டும். மேப்பின் இடத்தில் ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து எப்படி வருவது என்று அக்கா சொல்லச் சொல்ல நான்கு வரி எழுதி, கீழே மேப்புக்கு ஒரு இணைப்பு கொடுத்தேன். சிக்னல் அரைக்கோடு இருந்தாலும் எழுத்து வந்துவிடும்.

அடுத்து, அக்கா தன் போனிலேயே பார்க்க வேண்டும் என்றார். அவர் போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வராது, ஏனென்றால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தப் போன்தான். அவர் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதில் என் லேப்டாப்பை இணைத்தேன். டேட்டா சிக்னல் இல்லாவிட்டாலும் இரண்டுக்கும் இடையில் பாதை திறந்துவிடும். லேப்டாப்பில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை கொடுத்தால் 192.168 என்று தொடங்குகிற மாதிரி ஒரு முகவரி காட்டும், அதைப் போனில் அடிக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வால் அப்பாச்சியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். புதிய நெட்வொர்க்கை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டிருக்கும், அதைப் ‘பிரைவேட்’ ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

அப்புறமும் வேர்ட்பிரஸ் தன் முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைத்துக்கொண்டு போனை அங்கே திருப்பிவிடும். வேர்ட்பிரஸ்ஸின் அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், தள முகவரியைச் சொல்லும் ஹோம், சைட்யுஆர்எல் என்ற இரண்டு மதிப்புகளையும், பிரவுசர் எந்த முகவரியில் கூப்பிடுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும்படி பிஎச்பியின் ‘எச்டிடிபி ஹோஸ்ட்’ மதிப்பை வைத்து எழுதிவிட்டேன். ஹாட்ஸ்பாட் மாற மாற எண் மாறும், ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியதில்லை. இந்த இரண்டு வரிகள் லேப்டாப்புக்கு மட்டும், மேலே ஏற்றும்போது கூடவே போகக் கூடாது.

அப்படித் திறந்தபோது அறைகளின் படங்கள் எல்லாம் வந்தன, ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் படங்கள் மட்டும் வரவில்லை. அறைப் படங்களை டெம்ப்ளேட் ஃபீல்டிலிருந்து எடுத்து அந்த நேரத்தில் முகவரி சேர்க்கிறது. மற்றவை எழுத்துக்கு நடுவில் நேராகச் செருகியவை, லோக்கல்ஹோஸ்ட் முகவரி அப்படியே உள்ளே பதிந்திருக்கிறது.

அக்கா அங்கேயே தன் போனில் உள்ளே நுழைந்து ஓர் அறையின் வாடகையை மாற்றினார். முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். “இதுவும் மாறிடுச்சே!” அப்புறம் ஒரு பெரிய கேள்வி கேட்டார்: “சீசன் முடிஞ்சதும் பழைய ரேட்டு தானா வந்துடுமா?” வராது. சீசன் தொடங்கும் தேதி, முடியும் தேதி என்று இரண்டு ஃபீல்டு சேர்த்து, இன்றைய தேதி நடுவில் விழுந்தால் சீசன் வாடகையைக் காட்டு என்று டெம்ப்ளேட்டில் எழுதினேன். வேர்ட்பிரஸ் அமைப்பில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்து, தேதியை வேர்ட்பிரஸ்ஸின் ஃபங்ஷனிலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால் நம் நேரத்துக்கு விடியற்காலை 5.30க்குத்தான் தேதி மாறும். தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துக் காட்டும் பேஜ் கேஷ் பிளகின் (துணை மென்பொருள்) போட்டிருந்தால் அதற்கும் ஓர் ஆயுள் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சேலத்துக்கு வந்து ஹோஸ்டிங்கில் ஏற்றுகிற வேலையில் கவனிக்க வேண்டியவை சில. கேமராவிலிருந்து வந்த படங்களின் பெயர் பெரிய எழுத்தில் முடிந்திருக்கும், டெம்ப்ளேட்டில் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுக்காது. லேப்டாப்பில் தெரிந்த படம் மேலே போனதும் காணாமல் போகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். தீமுக்குள் வைக்கும் எல்லாக் கோப்புக்கும் சின்ன எழுத்து என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

டேட்டாபேஸிலிருந்து எடுத்த எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து பழைய முகவரியைப் புதியதாக மாற்றும் வேலை வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸும் பிளகின்களும் பல அமைப்புகளைச் சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே சரமாகக் கட்டி, வைக்கும். முகவரியோடு அதன் நீளமும் எண்ணாகப் பதிந்திருக்கும். ஜவ்வரிசி மூட்டைமேல் எடையை எழுதிவிட்டு உள்ளே சரக்கைக் கூட்டிக் குறைத்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார் இல்லையா, அதே மாதிரி நீளம் பொருந்தாத பதிவை பிஎச்பி நிராகரித்துவிடும். விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் காணாமல் போவது இப்படித்தான். வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளையோ ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ பிளகினோ நீளத்தையும் சேர்த்துத் திருத்திவிடும்.

முகப்பு வருகிறது, மற்ற பக்கமெல்லாம் 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்றால் செட்டிங்ஸில் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். முகவரியைச் சரியான பக்கத்துக்குத் திருப்பும் ரீரைட் விதிகள் புதிதாக எழுதப்படும்.

தளம் ஓடத் தொடங்கியபின் டெம்ப்ளேட், ஸ்டைல் போன்ற கோப்புகளை மட்டும் லேப்டாப்பிலிருந்து மேலே அனுப்புகிறேன். டேட்டாபேஸை மேலிருந்து கீழேதான் கொண்டுவருகிறேன். என் பழைய டேட்டாபேஸை மேலே ஏற்றினால் அக்கா போட்ட வாடகையெல்லாம் அழிந்துபோகும். அப்படிக் கீழே இறக்கும்போதுதான் நான் முன்பு சொன்ன மரியாடிபி விஷயம் வரும். ஹோஸ்டிங்கில் மைஎஸ்க்யூஎல் 8 இருந்தால், அதன் எக்ஸ்போர்ட்டில் ‘0900’ என்ற எண் கலந்த கொலேஷன் பெயர் இருக்கும். ஸாம்பில் உள்ள மரியாடிபி அதைத் தெரியாது என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பெயரை ‘யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ’ என்று மாற்றிவிட்டு இறக்கலாம். நீளம் எண்ணுகிற சிக்கல் இதில் இல்லை, டேபிளின் அமைப்பு வரிகளில்தான் அது வரும்.

இன்னொன்று. லோக்கலில் வேலை செய்யும்போது ரீடிங் செட்டிங்ஸில் ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்’ என்ற பெட்டியை டிக் செய்திருப்போம். அது டேட்டாபேஸோடு சேர்ந்து மேலே போகும். தளம் வெளியானதும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கூகுளில் வரவில்லை என்று ஹோஸ்டிங்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னாலேயே.